ஆடிக் காற்றுக்குத் தாங்குமா? 250 வாட் ஹப் மோட்டார் கிட், மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு

சைக்கிளுக்கு, சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்கிற ஹப் மோட்டார் போடலாமா என்று விசாரிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எவ்வளவு வேகம் போகும் என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது, எந்த ரோட்டில், எந்த மாசத்தில் என்று. திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து முன்னீர்பள்ளம், தருவை, பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவிக்கு மார்கழியில் போவது வேறு, ஆனி ஆடியில் போவது வேறு. ரோடு தட்டையான ரோடுதான், ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, ஆனால் குற்றாலத்தில் சாரல் விழுகிற அந்த மாசங்களில் நமக்கு வருவது காற்று மட்டும்தான், அதுவும் மேற்கே பார்த்துப் போனால் நேரே மூஞ்சியில். கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

நான் மாட்டியிருப்பது 36 வோல்ட், 250 வாட், உள்ளே பல்சக்கரம் உள்ள பின் சக்கர மோட்டார். ஒரு முழுக் காற்றுக் காலமும் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையும் பார்த்துவிட்டது. என் சைக்கிள் 26 இஞ்ச், இரும்பு ஃபிரேம், பின்னால் ஏழு கியர். பத்தமடையில் சித்தப்பா வைத்திருப்பது 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள், கம்பி பிரேக், கேரியரில் இரண்டு பக்கமும் பால் கேன். அதற்கு இதே வகை மோட்டாரை முன் சக்கரத்தில் போட்டோம். வாங்குவதற்கு முன்னால் ஒரு நண்பரின் 1000 வாட் டைரக்ட் டிரைவையும் (உள்ளே பல்சக்கரம் இல்லாத ஹப் மோட்டார்), இன்னொருவர் கேரியருக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்த செயின் மோட்டாரையும் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அதனால் இது ஒரு கிட்டைப் பற்றிய விமர்சனம் என்றாலும் மற்ற இரண்டும் இடையிடையே வரும்.

கிட்டுக்குப் பெயர் என்று ஒன்றும் இல்லை. பெட்டியிலும் இல்லை, மோட்டார் மூடியிலும் இல்லை; 36 வி, 250 வா என்று மட்டும் பொறித்திருக்கிறது. ஆன்லைனில் பத்துப் பேர் பத்து ஸ்டிக்கர் ஒட்டி விற்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான். மோட்டார், அதற்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலர், கட்டைவிரலால் அழுத்துகிற த்ராட்டில் (ஆக்சிலேட்டர்), பிடித்தால் மோட்டாரை நிறுத்துகிற கட்-ஆஃப் உள்ள பிரேக் லீவர் இரண்டு, மிதிக்கிறபோது உணர்கிற பெடல் சென்சார், சின்ன டிஸ்ப்ளே, இவ்வளவும் பதினைந்தாயிரத்துக்குள் வந்தது. பேட்டரி தனி. அதுவும் கிட்டத்தட்ட அதே விலை.

சரி, எதற்காகக் கியர் மோட்டார்? டைரக்ட் டிரைவ் என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மோட்டாரும் ஒரு சுற்றுதான். கியர் ஹப்பில் உள்ளே சின்ன மோட்டார் ஒன்று வேகமாகச் சுற்றும். நடுப் பல்சக்கரத்தைச் சுற்றி மூன்று நைலான் பல்சக்கரங்கள் ஓடி, அந்த வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து, குறைந்த வேகத்தை இழுவையாக மாற்றிக் கொடுக்கும். அதனால் இரண்டரை மூன்று கிலோ எடையுள்ள மோட்டாரே நின்ற நிலையிலிருந்து நன்றாக இழுக்கிறது. அதே இழுவை டைரக்ட் டிரைவில் வேண்டுமென்றால் இரும்பும் செம்பும் காந்தமும் கூட வேண்டும்; நண்பருடைய மோட்டார் மட்டுமே ஆறு கிலோவுக்கு மேல்.

இன்னொன்று, கியர் ஹப்புக்குள் ஒருவழிக் கிளட்ச் உண்டு. பேட்டரி தீர்ந்துவிட்டால் பழைய சைக்கிள் மாதிரியே மிதித்து வந்துவிடலாம், மோட்டார் பிடித்து இழுக்காது. டைரக்ட் டிரைவில் காந்தம் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். நான் வேண்டுமென்றே சுவிட்சை அணைத்துவிட்டுக் கோபாலசமுத்திரம் விலக்கிலிருந்து மிதித்துப் பார்த்தேன், பத்தமடை வருவதற்குள் தொடை கனத்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது கரண்ட் திரும்பிப் பேட்டரிக்குப் போகும் என்பது டைரக்ட் டிரைவுக்காரர்கள் பெருமையாகச் சொல்கிற விஷயம். மலை இறங்குகிறவனுக்கு அது உதவும். நம்முடைய தட்டை ரோட்டில் திரும்பக் கிடைப்பது சொற்பம், மாடு குறுக்கே வந்தால் பிடிக்கிற பிரேக்கில் என்ன பெரிதாகச் சேர்ந்துவிடப் போகிறது.

ஆனால் டைரக்ட் டிரைவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். உள்ளே உரசித் தேய்கிற பல் எதுவும் இல்லை, சத்தமே கிடையாது, சூட்டைத் தாங்கக் கனமான இரும்பு இருக்கிறது. கியர் ஹப் ஏற்றத்திலும் காற்றிலும் மெல்லிய முனகல் போடும். எனக்கு அது பழகிவிட்டது. சித்தப்பாவுக்கு அது பிடித்தே போயிற்று, சத்தம் கேட்டால்தான் மோட்டார் வேலை செய்கிறது என்று அவருக்கு நிம்மதி.

இப்போது காற்றுக் கணக்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற ஆள், சைக்கிள் பேட்டரி எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் தட்டை ரோட்டில் மணிக்கு 25 கி.மீ. போகச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 180 வாட் போதும். அதே ரோட்டில் எதிரே 25 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், அதே வேகத்தைப் பிடிக்க 500 வாட்டைத் தாண்டிவிடும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது, அதனால் கொஞ்சம் கூடக் கூட மளமளவென்று ஏறும். இந்தக் கிட்டின் கன்ட்ரோலர் 15 ஆம்பியர். 36-ஐ 15-ஆல் பெருக்கினால் பேட்டரியிலிருந்து அதிகபட்சம் 540 வாட், மோட்டாரில் சூடாகப் போனது போகச் சக்கரத்துக்கு 400 சொச்சம் வந்தால் பெரிது. ஆக ஆடிக் காற்றில் மேற்கே பார்த்து 25 என்பது இந்த மோட்டாரால் ஆகாது. வாங்குகிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆனால் வேகத்தை 15-க்குக் குறைத்துப் பாருங்கள், அதே எதிர்க்காற்றில் தேவை 220 வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கூடக் கொஞ்சம் மிதித்தால் மோட்டாருக்கு 150 தான். 15 கி.மீ. என்றால் சிலருக்குக் கேவலமாகத் தோன்றும். வெறும் சைக்கிளில் அதே காற்றில் எட்டு ஒன்பதில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தவனுக்குத் தெரியும் அந்தப் பதினைந்தின் அருமை.

அதனால் நான் மோட்டார் தேடும்போது உச்ச வேகத்தைப் பார்க்காமல், 15-இல் நிதானமாக இழுக்கிற மோட்டார் எது என்று தேடினேன். அதற்குப் பார்க்க வேண்டிய எண் வாட் இல்லை, ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. ஒரே அளவு மோட்டார் 36 வோல்ட்டில் 200 ஆர்பிஎம், 260 ஆர்பிஎம், 328 ஆர்பிஎம் என்று விதவிதமாகச் சுற்றிய செம்போடு கிடைக்கும். 26 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் ஓடும்; 200 ஆர்பிஎம் என்றால் மணிக்கு 25 கி.மீ., 328 என்றால் 40. கேட்டால் எல்லோரும் 40-ஐத்தான் எடுப்பார்கள். ஆனால் அதே 15 ஆம்பியர் கன்ட்ரோலரை மாட்டினால் 328 மோட்டார் ஒரு ஆம்பியருக்குத் தருகிற இழுவை குறைவு, அதனால் காற்றிலும் பாரத்திலும் அது திணறுகிற இடத்தில் 200 மோட்டார் அலட்டிக்கொள்ளாமல் போகும். 40 என்பதும் சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுற்றினால் வருகிற 40. ஆளை ஏற்றினால் வராது.

கடைக்காரர் சொல்கிற ஆர்பிஎம்மை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்த்துவிடலாம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரம் தரையைத் தொடாமல் வைத்து, த்ராட்டிலை முழுதாக அழுத்தி, டிஸ்ப்ளேயில் வேக வரம்பை எடுத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். முழு சார்ஜில் 36 வோல்ட் பேட்டரி உண்மையில் 42 வோல்ட் இருக்கும், அதனால் 200 ஆர்பிஎம் மோட்டார் 230-க்கு மேல் சுற்றும், டிஸ்ப்ளேயில் வேகமும் அதற்கேற்பக் கூடுதலாகக் காட்டும். 28 இஞ்ச் சக்கரம் என்றால் டிஸ்ப்ளேயில் சக்கர அளவையும் மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

வாட் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் மூடியில் இருக்கிற வாட் அந்த மோட்டார் சூடாகாமல் தொடர்ந்து தரக்கூடியது என்று விற்கிறவர் சொல்கிற எண், அவ்வளவுதான். அதே மோட்டாருக்கு 15 ஆம்பியர் கொடுத்தால் 250, 22 ஆம்பியர் கொடுத்து 500 என்று ஸ்டிக்கர் ஒட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. நான் ஒரு கடையில் 250-ஐயும் 350-ஐயும் தராசில் வைத்துப் பார்த்தேன், எடை ஒன்றே, மூடியின் விட்டம் ஒன்றே. விலை மட்டும் ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசம். கேட்டதற்கு "உள்ளே வேற வைண்டிங் தம்பி" என்றார்கள். இருக்கலாம். இழுவையை இரட்டிப்பாகக் கேட்டால் கரண்டு இரட்டிப்பாகும், செம்பில் சூடு நான்கு மடங்காகும். எடை கூடாத மோட்டார் அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று நான் கேட்கவில்லை, வாங்காமல் வந்துவிட்டேன்.

சட்டமும் 250 பக்கம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, தொடர்ந்து 30 நிமிடம் தருகிற சக்தி 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, உச்ச வேகம் 25 கி.மீ.க்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல், முறையான பிரேக்கும் பிரதிபலிப்பானும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. மிதித்தால் உதவுகிற வகைக்கும் மோட்டார் வரம்பு அதே 0.25 கிலோவாட்தான்; 25 கி.மீ.யை நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி குறைந்து, நின்றுவிட வேண்டும். 0.25-க்குக் குறைவு என்று எழுதியிருக்க, மூடியில் சரியாக 250 என்று பொறித்து விற்கிறார்கள், கோட்டின் மேலேயே கால். எப்படியும் 1000 வாட் மாட்டியவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார். அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம், பதிவெண், காப்பீடு, லைசென்ஸ் எல்லாம் கேட்கும் சமாசாரம். வீட்டில் மாட்டிய சைக்கிளுக்கு அதையெல்லாம் எங்கே போய் வாங்குவது. வண்ணார்பேட்டையில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று நண்பரிடம் கேட்டேன், காற்றடிக்கிறது கேட்கவில்லை என்றார்.

செயின் மோட்டாரை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். 24 வோல்ட், பிரஷ் உள்ள, எம்ஒய் 1016 வகை. மலிவு, எந்த சைக்கிளிலும் வெல்டு வைத்து மாட்டிவிடலாம், கெட்டால் உள்ளூரிலேயே பிரஷ் மாற்றலாம். ஆனால் தனிச் செயின், தனிப் பல்சக்கரம், தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம், ஈய பேட்டரியின் கனம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்வர ஒன்று வேண்டும், காசு குறைவு என்பவருக்கு அது சரி. தினசரி வேலைக்குப் போகிறவருக்கு வேண்டாம்.

மாட்டுகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிட் விற்கிறவர்கள் "ஒரு மணி நேரத்தில் நீங்களே மாட்டலாம்" என்று எழுதுவது வெளிநாட்டு சைக்கிளை மனதில் வைத்து. என் கியர் சைக்கிளுக்கு அது ஓரளவு உண்மை. பின் ஃபோர்க்கின் இடைவெளி 135 மில்லிமீட்டர், மோட்டாரின் அச்சும் அதற்கென்றே செய்தது, பழைய கியர் செட்டைக் கழற்றி மோட்டாரில் திருகினால் உட்கார்ந்துவிட்டது. ரிம்மோடு கோத்தே வந்ததால் போக்ஸ் கம்பி வேலையும் இல்லை.

சித்தப்பாவின் கறுப்பு சைக்கிள் வேறு கதை. அந்த 28 இஞ்ச் ரிம்முக்கு எந்தக் கிட்டும் கோத்து வராது, மோட்டாரை மட்டும் தனியாக வாங்கிக் கோக்க வேண்டும். நம் நாட்டுக் கறுப்பு சைக்கிளில் முன் ரிம்முக்கு 32 துளை, பின் ரிம்முக்கு 40 துளை. மோட்டாருக்கோ 36. ரிம்மை மாற்றலாம் என்றால் கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்விளிம்பில் பிடிப்பது, அதற்கென்று வளைந்த ரிம்தான் வேண்டும், கண்ட ரிம்மைப் போட முடியாது. டவுனில் ஒரு பழைய சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். அண்ணாச்சி மோட்டாரைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "என்ன தம்பி, குடத்தைக் கொண்டாந்து ஹப்புங்கிய?" என்றார். அப்புறம் துளைகளை எண்ணினார், மறுபடியும் எண்ணினார், சாக்பீஸால் மோட்டாரின் ஒவ்வொரு பக்கத்திலும் எதிரெதிராக இரண்டு துளைக்குக் குறி போட்டு, அந்த நான்கையும் காலியாக விட்டு மீதி 32-இல் கோத்துவிட்டார். காலித் துளைக்குப் பக்கத்தில் வருகிற கம்பிகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சாய்ந்து போகும், நீளமும் ஒரு நூல் வித்தியாசப்படும், அதற்காகக் கம்பிகளைத் தனித்தனியாக வெட்டி மரை போட்டார். கோட்டம் எடுக்க மட்டும் அரைநாள். அந்தச் சக்கரம் இன்றுவரை ஒரு கம்பி அறுக்கவில்லை, பால் கேனோடு.

என் சக்கரத்தில், கிட்டோடு கோத்து வந்ததில், இரண்டு கம்பி அறுந்தது. அண்ணாச்சிதான் காரணம் சொன்னார். தடித்த கம்பி என்றால் உறுதி என்று நினைத்து 12 கேஜ் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மோட்டாரின் விட்டம் பெரிது என்பதால் கம்பி குட்டை, குட்டைக் கம்பி தடியாகவும் இருந்தால் விறைத்துக்கொண்டு நிற்கும், குழியில் விழும்போது நீண்டு கொடுக்காது, நிப்பிள் தளர்ந்து, வளைவில் முறியும். அதைவிட மெல்லிய 13 கேஜ் போட்டு, ஒரு குறுக்கு மட்டும் வைத்து மறுபடி கோத்துக் கொடுத்தார். மோட்டார் வாங்குகிறவர்கள் கம்பியின் கேஜைக் கேட்டு வாங்குங்கள்.

முன் ஃபோர்க்கில் இன்னொரு விஷயம், இதில் மட்டும் யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது. மோட்டாரின் அச்சு 12 மில்லிமீட்டர், இரண்டு பக்கம் தட்டையாகச் சீவி 10 மில்லிமீட்டர் ஆக்கியிருப்பார்கள். நம் ஃபோர்க்கின் காடி அவ்வளவு அகலம் இருக்காது, அரத்தால் ராவ வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் அச்சு ஆடும். சக்கரத்தை முன்னே தள்ளுகிற அதே விசையோடு மோட்டார் தன் அச்சைப் பின்னே திருகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்னத் தட்டைப் பக்கம் மட்டுமே. நழுவினால் அச்சு சுற்றி, வயரை முறுக்கி அறுத்து, சக்கரமே காடியை விட்டுக் கீழே விழும், அதுவும் முன் சக்கரம். இதற்காக டார்க் ஆர்ம் என்று ஒரு இரும்புப் பட்டை உண்டு, ஒரு முனை அச்சைக் கவ்வும், மறுமுனை ஃபோர்க்கில் கட்டப்படும். என் கிட்டில் நாக்கு வைத்த வாஷர் மட்டும்தான் வந்தது, பட்டை வரவில்லை. சித்தப்பா சைக்கிளுக்கு லேத்தில் ஆறு மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு பக்கத்துக்கும் வெட்டி வாங்கினேன். அலுமினிய ஃபோர்க்கிலும், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கிலும் ஹப் மோட்டார் போட வேண்டாம் என்பது என் கட்சி. உடைவதற்கு முன் வளைந்து காட்டிக்கொடுக்கிற இரும்பு போதும்.

பெடல் சென்சாரும் கறுப்பு சைக்கிளில் ஏறவில்லை. அந்தக் காந்த வளையம் சதுர முனை அச்சுக்காகச் செய்தது, இதுவோ கோட்டர் ஆணி அடித்த உருண்டை அச்சு. கட்-ஆஃப் லீவரும் வேலைக்கு ஆகாது, கம்பி பிரேக்கில் அதை எங்கே மாட்டுவது. ஆக அவருக்குக் கட்டைவிரல் த்ராட்டில் மட்டும். விட்டால் நின்றுவிடும், கிளட்ச் இருப்பதால் மோட்டார் பிடித்து இழுக்கவும் செய்யாது. நான் 48 வோல்ட் போடலாமா என்று கேட்டபோது, "ஏல, நான் என்ன ரேசுக்கா போறேன்? பால் தளும்பாம சொசைட்டில கொண்டு சேர்த்தா போதும்" என்று முடித்துவிட்டார். 48 போட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பது உண்மைதான், ஆனால் முழு சார்ஜில் அது 54.6 வோல்ட், 36-க்கான கன்ட்ரோலருக்குள் 50 வோல்ட் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருந்தால் வெடித்துவிடும். மாற்றுவதாக இருந்தால் கன்ட்ரோலரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

முன் சக்கரமா பின் சக்கரமா என்றால், தார் ரோட்டில் இரண்டும் ஒன்றுதான். கேரியரில் பாரம் ஏற்றுகிறவருக்கு முன் மோட்டார் எடையைச் சமமாக்கும். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் ஓட்டுகிறவர் பின் மோட்டாரே போடட்டும், முன் சக்கரம் மணலில் வெறுமனே சுழன்று குழி தோண்டும்.

சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலம்தான் நமக்குக் கிடைத்த மலை. மேலடுக்கில் பஸ்ஸுக்குப் பின்னால் மெதுவாக ஏறும்போது த்ராட்டில் மட்டும் வைத்துப் பார்த்தேன், வேகம் பன்னிரண்டு அளவுக்கு இறங்கியது, நிற்கவில்லை. லேசாக மிதித்தால் சாதாரணமாக ஏறிவிடுகிறது. பாபநாசத்துக்கு மேலே காரையார் ரோட்டில் ஏற்றுகிற எண்ணம் இருப்பவர்கள் இந்தக் கிட்டை வாங்க வேண்டாம். விடாத ஏற்றத்தில் சின்ன கியர் மோட்டார் சூடேறிக்கொண்டே போகும், நைலான் பல் இளகி மழுங்கும். மோட்டார் மூடியின் மேல் கையை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்தி ஆறவிடுவதைத் தவிர வழியில்லை, ஏனென்றால் சூடு உள்ளே செம்பில் இருக்கிறது, அது மூடிக்கு வந்து சேரும்போது உள்ளே அதைவிட எவ்வளவோ கூடியிருக்கும். சித்திரை வெயிலில் மத்தியானம் தார் ரோட்டில் நிறுத்தி வைத்த சைக்கிளுக்கு இந்தக் கணக்கில் பாதி சூடு ஓசியிலேயே கிடைத்துவிடுகிறது.

மழை. வயர் அச்சின் துளை வழியாக உள்ளே போகிறது, தண்ணீர் போகிற வழியும் அதுதான். மோட்டாரிலிருந்து வெளியே வருகிற வயர் நேரே மேலே ஏறாமல், அச்சுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு அப்புறம் ஏறும்படி கட்டுங்கள். வயரில் வழிகிற நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். இவ்வளவு செய்தே மழைக்காலம் பிரச்சினை இல்லாமல் போயிற்று. ஆனால் முழுகினால் கதை வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிக் கிடந்த ஒரு டைரக்ட் டிரைவ் மோட்டாரைத் திறக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். தகடு அடுக்கெல்லாம் துரு, காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள மயிரிழை இடைவெளி முழுக்க வண்டல், காந்தம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்கிற மூன்று ஹால் சென்சாரின் கால்களும் பச்சை பூத்து நின்றன. முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றிக் காயவிடுங்கள்.

பஞ்சருக்குப் பயப்பட வேண்டாம். சீமைக் கருவேல முள் இருக்கிற ஊரில் பஞ்சர் இல்லாமல் சைக்கிள் ஏது. நம் ஊர்க் கடையில் சக்கரத்தைக் கழற்றாமல்தான் ட்யூபை உருவி ஒட்டுவார்கள், மோட்டார் இருந்தாலும் அதே வேலைதான். டயர் மாற்றும்போதுதான் அச்சைக் கழற்ற வேண்டும், அதற்கு 18-19 ஸ்பேனர் ஒன்றைக் கூடவே வைத்திருங்கள், சைக்கிள் கடைச் சாவிக்கு அந்த நட்டு அடங்காது. மோட்டாருக்குப் பக்கத்திலேயே வயரைப் பிரிக்கிற கனெக்டர் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். சில மலிவுக் கிட்டுகளில் வயர் நேரே கன்ட்ரோலர் வரை போகும், டயர் மாற்ற ஃபிரேமில் கட்டிய அத்தனை டையையும் வெட்ட வேண்டியிருக்கும்.

பேட்டரி தனிக் கட்டுரைக்கு உரியது, அதனால் ஒரு கணக்கு மட்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி என்றால் 360 வாட் மணி. காற்றில்லாத நாளில் மிதிக்காமலே 35 கி.மீ. ஓடுகிற அதே பேட்டரி, ஆடியில் மேற்கே பார்த்துப் போனால் 20-இல் கையை விரித்துவிடும், அதுவும் 15 வேகத்தில். சேரன்மகாதேவி போகும்போது பாதிக்கு மேல் தீர்ந்துபோயிற்றே என்று முதலில் பார்க்கிறவர் பதறுவார். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வந்துவிடும். சாயங்காலம் காற்று விழுந்துவிட்டால் அந்த உதவியும் கிடையாது என்பதை நினைவில் வைத்து மிதியுங்கள்.

குறைகள். மாட்டுவதற்கான கையேடு சீன மொழியில். த்ராட்டில் கனெக்டரும் கன்ட்ரோலர் கனெக்டரும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை, வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. சித்தப்பாவுக்குத் தனியாக வாங்கிய மோட்டாரில் மஞ்சள், பச்சை, நீலம் வரிசையும் கன்ட்ரோலரின் வரிசையும் ஒத்துப்போகாமல் மோட்டார் நடுங்கியதே தவிரச் சுற்றவில்லை. மூன்று பெரிய வயரை ஆறு விதமாகவும் மூன்று ஹால் வயரை ஆறு விதமாகவும் மாற்றலாம், மொத்தம் 36 வழி, அதில் மூன்றுதான் முன்னே ஓடும், மூன்று பின்னே ஓடும், மீதியெல்லாம் நடுக்கம். தானே கற்றுக்கொள்கிற வயர் உள்ள கன்ட்ரோலர் என்றால் இரண்டு முனையைச் சேர்த்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்; அப்படிப்பட்ட கன்ட்ரோலரைக் கேட்டு வாங்குங்கள், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.

உத்தரவாதம் ஓராண்டு என்று எழுதியிருக்கிறார்கள். படித்துப் பார்த்தால், மோட்டாரை ரிம், கம்பி எதுவும் இல்லாமல் தனியாகக் கழற்றி நம் செலவில் கூரியரில் அனுப்ப வேண்டுமாம், நைலான் பல் தேய்ந்தால் உத்தரவாதத்தில் வராதாம். கெட்டுப்போகக் கூடியது அதுதான், அதைத்தான் விலக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் கிட் வாங்கும்போதே அதே மோட்டாருக்கான நைலான் பல்சக்கர செட் ஒன்றையும் ஹால் சென்சார் மூன்றையும் சேர்த்து வாங்கி அலமாரியில் போட்டுவிடுங்கள். அப்புறம் தேடும்போது அதே விட்டத்தில், அதே பல் எண்ணிக்கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது; மோட்டார் மூடியில்தான் பெயரே இல்லையே, எதைச் சொல்லிக் கேட்பீர்கள்.